3 லட்சம், 90 நாள், மூணு நாடு: கணக்கு எங்கே இடிக்குது?

டோல்கேட்25 எழுதியது:

வணக்கம். 2027 பொங்கல் முடிஞ்சு ஜனவரி 18 வாக்கில் கிளம்பி 90 நாள் சுத்திட்டு வரணும். ஒரே ஆள், வயசு 28, சைவம் (முட்டை சாப்பிடுவேன்). முதல்ல மலேசியா 25 நாள், அப்புறம் வியட்நாம் 50 நாள், கடைசியா தாய்லாந்து 14 நாள். கையில் மொத்தமே 3 லட்சம். கடன் வாங்குறதா இல்லை.

போட்ட கணக்கு இதுதான்: விமான டிக்கெட் 35,000. நாளைக்கு 2,500 வீதம் 90 நாளுக்கு 2,25,000. மீதி 40,000 அவசரத்துக்கு.

நாளைக்கு 2,500 சரியா? காசை எந்த வடிவத்தில் எடுத்துட்டுப் போனா நஷ்டம் குறையும்? வழியில் கம்போடியா போய் அங்கோர்வாட்டையும் சேர்க்க முடியுமா? டிக்கெட் இன்னும் போடலை.

கல்மண்டபம் எழுதியது:

தம்பி, தொகை போதும். பிரித்த விதம்தான் சரியில்லை. நீண்ட பயணத்தில் காசு போவது தங்கும் நாளில் இல்லை, நகரும் நாளில். ஊர் மாறுகிற ஒரு நாளில் பேருந்து டிக்கெட், நிலையத்துக்குப் போக வர வண்டி, அவசரத்தில் இறங்கின இடத்திலேயே சாப்பாடு, புது ஊரில் விலை தெரியாமல் பிடித்த முதல் ராத்திரி அறை என்று எல்லாம் சேர்ந்து வரும். அதையும் சும்மா இருக்கும் நாளையும் ஒரே 2,500-ல் அடைத்தால், சும்மா இருக்கும் நாளில் மிச்சம் இருக்கிற தைரியத்தில் செலவாகிவிடும். நகரும் நாளில் பற்றாமல் போகும்.

இப்படிப் பிரித்துப் பாருங்கள். கணக்குக்காக டாலர் 95 ரூபாய், ரிங்கிட் 24, பாட் 3, ஆயிரம் டாங் 3.70 என்று வைக்கிறேன். கிளம்பும் மாதத்தின் விலையைப் போட்டு மறுபடி ஓட்டிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்: சென்னை–கோலாலம்பூர், கோலாலம்பூர்–வியட்நாம், வியட்நாம்–பாங்காக், பாங்காக்–சென்னை என நாலு டிக்கெட்டுக்கு 32,000. இது 7 கிலோ கைப்பை மட்டும் என்ற விலை. காப்பீட்டுக்கு 5,000 ஒதுக்குங்கள். வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், அதாவது 2,375. தாய்லாந்து விசாவுக்கு 6,000 தனியாக வையுங்கள் (ஏன் என்று கீழே). செருப்பு, மழைக்கோட்டு, பூட்டு வகைக்கு 3,000. ஆக 48,400 சொச்சம்.

தங்கும் நாள்: மலேசியாவில் டார்மிட்டரி படுக்கை 900, சாப்பாடு 600, ஊருக்குள் வண்டி 150; ஒரு நாள் 1,650, 25 நாளுக்கு 41,250. வியட்நாமில் 600, 500, 150; ஒரு நாள் 1,250, 50 நாளுக்கு 62,500. தாய்லாந்தில் 1,000, 600, 200. 14 நாளுக்கு 25,200. மொத்தம் 1,28,950.

நகரும் நாள்: 12 தடவை, தடவைக்கு 2,000. ஆக 24,000. இதில்தான் கையை வைக்க வேண்டும். 90 நாளில் 24 ஊர் பார்க்கலாம் என்று திட்டம் போட்டால் இன்னொரு 24,000 போகும். அதோடு வாரக் கணக்கில் தங்கினால் கிடைக்கிற தள்ளுபடியும் போகும். ஒரு ஊரில் குறைந்தது 6, 7 ராத்திரி. முதல் 2 ராத்திரியை மட்டும் ஆன்லைனில் பிடித்து, இடம் பிடித்திருந்தால் நேரில் கேட்டு வார விலை பேசுங்கள்.

நுழைவுச் சீட்டு, படகு, குகை இவற்றுக்கு 20,000. சிம் கார்டுக்கும் பணம் மாற்றும் நஷ்டத்துக்கும் 5,000.

கூட்டினால் 2,26,350. மீதி 73,650-ல் 40,000 தொடவே கூடாத காசு: எந்த ஊரிலிருந்தும் அன்றைக்கே வீட்டுக்கு டிக்கெட் போடவும், ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டவும். பாக்கி 33,650 கசிவுக்கு, அதாவது கணக்கில் வராமல் அங்கங்கே போகும் செலவுக்கு. மொத்தச் செலவில் சுமார் 15 சதவீதம். இதற்குக் கீழே போனால் பயணத்தைக் குறையுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

தாய்லாந்து விசா விஷயம்: இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் விசா தேவையில்லை, 30 நாள் என்றார்கள், 2024 ஜூலையில் 60 நாள் ஆனது. இது அடிக்கடி மாறுகிற விதி. பழைய முறையில் போய் இறங்கி எடுக்கும் விசா 2,000 பாட், 15 நாள். நீங்கள் 14 நாள் என்று வைத்திருப்பதால் எந்த விதி இருந்தாலும் பொருந்தும். அந்த 6,000 தேவைப்படாவிட்டால் கசிவுக் கணக்கில் சேரட்டும்.

பழைய_வண்ணை எழுதியது:

மேலே சொன்ன கணக்கு சரி. நான் காசைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலும் 3.5 சதவீதம் மார்க்கப் (நாணயம் மாற்றுவதற்கு வங்கி சேர்த்துப் பிடிக்கும் கட்டணம்), அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். அங்கே செலவழிக்கப்போகும் ஒன்றரை லட்சத்துக்கு இது 6,195 ரூபாய். வியட்நாமில் ஐந்து நாள் வாழ்க்கை. அதனால் மார்க்கப் இல்லாத டெபிட் கார்டு ஒன்றைக் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்குங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் நீங்களே இயக்க வேண்டும். புதுக் கார்டில் அது அணைந்த நிலையில்தான் வரும். இரண்டாவதாக வேறு வங்கியின் வேறு கார்டு ஒன்று, பையின் வேறு மூலையில். ஒன்று இயந்திரத்தில் மாட்டிக்கொண்டால் மற்றது. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நிமிஷத்திலிருந்தே வட்டி ஓடும், கட்டணம் தனி.

முன்கூட்டியே டாலர் ஏற்றி எடுத்துப்போகும் ஃபாரெக்ஸ் கார்டு இந்தப் பயணத்துக்குச் சரிப்படாது. டாலரை ஏற்றி ரிங்கிட்டில் தேய்த்தால் நாணயம் மாற்றுக் கட்டணம் என்று மறுபடி பிடிப்பார்கள். டாங் ஏற்றும் கார்டு கிடைப்பதும் அரிது.

ஏடிஎம் கட்டணம் தனிக் கதை. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு 220 பாட், சில இயந்திரங்களில் அதற்கும் மேலே. உங்கள் தாய்லாந்து தங்கும் செலவு மொத்தமே 8,400 பாட். ஒரே தடவையில் எடுத்தால் 660 ரூபாய் போகும். 2,000 பாட்டாக நாலு தடவை எடுத்தால் 2,640 போகும். வியட்நாமில் நேர் எதிர்ப் பிரச்சினை: பல இயந்திரங்கள் ஒரு தடவைக்கு 20, 30 லட்சம் டாங்குக்கு மேல் தராது. கட்டணம் இல்லாத அல்லது வரம்பு அதிகமுள்ள வங்கியை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து அதிலேயே எடுங்கள்.

திரையில் 'இந்திய ரூபாயில் கணக்கிடட்டுமா' என்று கேட்டால் எப்போதும் வேண்டாம் என்றே அழுத்துங்கள். உள்ளூர் நாணயத்தில்தான் கணக்கு. ரூபாயை ஒத்துக்கொண்டால் அந்த இயந்திரக்காரர் வைத்த விலை, மார்க்கப் இல்லாத கார்டு வாங்கியதற்கே பலன் இல்லாமல் போகும். கடையில் தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும்.

ரொக்கமாக 500 டாலர் போதும். பாரிமுனை, மண்ணடிப் பக்கம் மாற்றுபவர்கள் நிறைய. ரிசர்வ் வங்கி அனுமதி உள்ள கடையில் பாஸ்போர்ட், டிக்கெட் காட்டி பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் மலிவாகத் தருகிற இடத்தில் வாங்கினால் கள்ளநோட்டுக்கும் பதில் இல்லை, மீதியைத் திருப்பி விற்கவும் வழியில்லை. 'கமிஷன் கிடையாது' என்பதைக் கேட்டு மயங்க வேண்டாம், கமிஷன் விலைக்குள்ளேயே இருக்கும். சோதிப்பது சுலபம்: சந்தை விலை 95, கடைக்காரர் சொல்வது 96.20 என்றால் 500 டாலருக்கு 600 ரூபாய் அவருக்கு. ஜிஎஸ்டி லட்சம் ரூபாய் வரைக்கும் தொகையில் 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். உங்களுக்கு 87 ரூபாய் வரும். நாலு கடையில் இந்த வித்தியாசத்தை மட்டும் கேளுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கி வழியாகத்தான்.

நோட்டு புதிதாக, கிறுக்கல் கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். 100 டாலர் நோட்டுக்கு நல்ல விலை, 5, 10 டாலருக்குக் குறைத்துத் தருவார்கள். வியட்நாம் வங்கிகளில் ஓரம் கிழிந்த நோட்டைத் தள்ளிவிடுவார்கள்.

இந்திய ரூபாய் 25,000 வரை கையில் கொண்டுபோகலாம். கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ரூபாயை நேராக மாற்றலாம். வியட்நாமில் ரூபாயை நம்பி இறங்காதீர்கள்.

வரி: டூர் கம்பெனியில் மொத்தப் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். நீங்களே டிக்கெட், அறை எல்லாம் தனித்தனியாகப் போட்டு, அந்நியச் செலாவணி ஆண்டுக்கு 10 லட்சத்துக்குள் இருந்தால் அது வராது.

டோல்கேட்25 எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். இன்னொரு சந்தேகம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, பேரு அப்பா பேரோட சேர்ந்து கிவன் நேமில் இருக்கு. டிக்கெட்லயும் விசாவிலயும் எப்படிப் போடணும்? கம்போடியா பத்தியும் யாராவது சொல்லுங்க.

எண்ணூர்_கரை எழுதியது:

பெயர் விஷயம் நம்ம ஊர்க்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். விசா படிவத்தில் அந்த எழுத்து, அந்த வரிசை, ஒரு எழுத்துகூட மாறாமல். டிக்கெட்டில் சர்நேம் கட்டாயம் என்று தளம் அடம் பிடிக்கும். ஒவ்வொரு விமான நிறுவனமும் ஒவ்வொரு முறை சொல்கிறது. சிலர் கிவன் நேமையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் படித்து, அரட்டையில் கேட்டு, பதிலைப் படம் எடுத்து வையுங்கள். துபாய் வழி டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும் ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதில் போய் ஊருக்குள் இறங்கத் திட்டம் போடாதீர்கள். 2022 நவம்பரிலிருந்து அங்கே அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

வியட்நாம் விசா கட்டணம் திரும்பக் கிடைக்காது, பிழையிருந்தால் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். படிவத்தில் நுழையும் விமான நிலையத்தையும் கேட்பார்கள், அதையும் டிக்கெட்டையும் பொருத்திப் பாருங்கள். விசாவில் போட்ட தேதிக்கு முன்னால் நுழைய முடியாது, பின்னால் நுழையலாம். அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் விஎன் என்று முடியும். அதே மாதிரி தோற்றத்தில் 60, 80 டாலர் கேட்கிற தனியார் தளங்கள்தான் தேடலில் மேலே வரும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை, தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை இரண்டும் இலவசம், போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். காசு கேட்டால் அது போலி.

இப்போது கல்மண்டபம் அண்ணன் கணக்கில் விட்டுப்போனவை.

ஒன்று, மலேசியாவில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஒரு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. ஆன்லைன் விலையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது, சாவி கொடுக்கும்போது கேட்பார்கள். எல்லா டார்மிட்டரியிலும் வாங்குவதில்லை. ஆனாலும் 25 இரவுக்கு 6,000 என்று வையுங்கள்.

இரண்டு, இதுதான் பெரிது: இந்தியர்களுக்கான மலேசிய விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரைதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் போவது ஜனவரி. நீட்டிப்பு அறிவிப்பு வந்ததைப் பார்த்த பிறகே டிக்கெட். வராவிட்டால் இ-விசா எடுக்க வேண்டும், அதற்கு 5,000 ஒதுக்குங்கள். விலக்கு இருந்தாலும் 30 நாள்தான். இறங்கும் நாளும் சேர்த்தி. ஒரு வழி டிக்கெட்டோடு போனால் மீனம்பாக்கத்திலேயே 'அங்கிருந்து கிளம்பும் டிக்கெட் எங்கே' என்று கேட்பார்கள். வியட்நாம் டிக்கெட்டையும் வியட்நாம் விசாவையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

மூன்று, தேதிகள். நீங்கள் இறங்கும் வாரத்தில் தைப்பூசம். பத்துமலைக் கூட்டத்தில் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அறை கிடைப்பது கஷ்டம், முதல் ஐந்து இரவை முன்கூட்டியே பிடியுங்கள். வியட்நாமின் தெத் புத்தாண்டு 2027-ல் பிப்ரவரி 6. ஒட்டிய வாரத்தில் பேருந்து விலை ஏறும், சின்னக் கடைகள் மூடியிருக்கும். பிப்ரவரி 12 இறங்குவது நல்லதே. ஆனால் உங்கள் வரிசைப்படி தாய்லாந்து ஏப்ரல் 3 முதல் 17 வரை விழுகிறது. ஏப்ரல் 13 முதல் 15 சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு. பாங்காக்கில் அறை, பேருந்து, திரும்பும் விமானம் எல்லாம் ஏறியிருக்கும். வியட்நாமை 44 நாளாகக் குறைத்தால் மார்ச் 28 முதல் ஏப்ரல் 11 வரை தாய்லாந்து, சித்திரை முதல் நாளுக்கு வீட்டில் இருக்கலாம். 6 நாளுக்கு 7,500 மிச்சம். அந்த மாதங்களில் வயல் எரிப்புப் புகை இருப்பதால் சியாங் மாய்ப் பக்கம் வேண்டாம். காஞ்சனபுரிக்குப் பாங்காக்கின் தொன்புரி நிலையத்திலிருந்து மூன்றாம் வகுப்பு ரயில் 100 பாட்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உயிர்விட்ட ரயில் பாதை அது; நம் ஆட்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம்.

கம்போடியா: விசா 30 டாலர், அங்கோர் 3 நாள் சீட்டு 62 டாலர், இரண்டும் சேர்ந்து 8,740 ரூபாய். ஹோ சி மின் நகரிலிருந்து புனோம் பென் வழியாகச் சியெம் ரீப் வரை பேருந்துக்கு 3,000 வையுங்கள். முன்பெல்லாம் சியெம் ரீப்பிலிருந்து பேருந்திலேயே பாங்காக் போய்விடலாம், பழைய பயணக் குறிப்புகள் எல்லாம் அப்படித்தான் சொல்லும். 2025 நடுவில் இரு நாட்டுக்கும் மோதல் வந்து தரைவழி எல்லை மூடப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது, விமானம்தான். எல்லாம் சேர்த்தால் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக 18,000-க்குக் குறையாது. உங்கள் கசிவுக் காசில் பாதிக்கு மேல். என் அபிப்பிராயம், இந்தத் தடவை வேண்டாம். கோயில் பார்க்கும் ஆசை என்றால் ஹோய் ஆன் ஊரிலிருந்து மி சோன் போங்கள். சம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள், சீட்டு 1,50,000 டாங், சுமார் 555 ரூபாய். மலேசியாவில் பினாங்கிலிருந்து பூஜாங் பள்ளத்தாக்கு பக்கம்தான். சோழர் கல்வெட்டில் வருகிற கடாரம் அந்த கெடா மாநிலம்தான்.

காப்பீடு எடுக்கும்போது ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் எத்தனை நாள் என்று பாருங்கள். ஆண்டு முழுவதற்கும் என்று விற்கிற பாலிசிகளில் ஒரு பயணம் 30 அல்லது 45 நாளோடு முடிந்துவிடும். அப்புறம், வியட்நாமில் ஸ்கூட்டர் வாடகை மலிவாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். நம் ஆர்டிஓ 1,000 ரூபாய்க்குத் தருகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஒப்பந்தப்படியானது, வியட்நாம் ஏற்பது 1968 ஒப்பந்தத்தின் அனுமதியை. அனுமதி செல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய் தராது.

விம்கோநகர் எழுதியது:

சாப்பாட்டுக்கு: வியட்நாமில் 'சாய்' என்றால் சைவம். 'கொம் சாய்' கடையில் ஒரு தட்டு 30 முதல் 50 ஆயிரம் டாங். அமாவாசை, பௌர்ணமி நாளில் அங்கே நிறையப் பேர் சைவம், அன்றைக்குத் தெருவுக்குத் தெரு கிடைக்கும். சாதாரணக் கடையில் காய்கறி மட்டும் என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், 'சாய்' என்ற சொல்தான் காப்பாற்றும். தாய்லாந்தில் அதற்குச் சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். ஆனால் ஜே கடையில் முட்டை இருக்காது. குடிதண்ணீருக்கு அங்கே தெருவோர நாணய இயந்திரத்தில் லிட்டர் 1 பாட், காலி பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்புப்பொடி கொண்டுபோங்கள், ஊறுகாய் வேண்டாம். திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். சிங்கப்பூர் வழி டிக்கெட் அமைந்தால் கசகசா கலந்த மசாலாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

7 கிலோ என்பது பையின் எடையும் சேர்த்து. சக்கரப் பெட்டியே 2.5, 3 கிலோ வரும், முதுகுப் பை 1 கிலோவுக்குள் கிடைக்கும். வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டுத் துணிக்கடைகளில் சீக்கிரம் காயும் டிசர்ட் நாலு, லுங்கி ஒன்று, மெல்லிய துண்டு ஒன்று. ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் வேண்டாம். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்து 6.5-ல் நிறுத்துங்கள். கவுண்டரில் போய்ப் பை போடக் கட்டினால் ஆன்லைன் விலையைப் போலப் பல மடங்கு.

விமான நிலையத்துக்கு டோல்கேட்டிலேயே மெட்ரோ ஏறினால் நேராக மீனம்பாக்கம், 50 ரூபாய்க்கு மேல் ஆகாது. நள்ளிரவு விமானம் என்றாலும் ராத்திரி 8 மணி வண்டியில் போய் உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்த நேரத்து டாக்சிக் காசில் கோலாலம்பூரில் ஒரு நாள் சாப்பிடலாம். அங்கே இறங்கியதும் ஊருக்குள் போக விரைவு ரயில் 55 ரிங்கிட், பேருந்து 15 ரிங்கிட் வாக்கில்.

நம்ம ஊர் சிம்மை உயிரோடு வையுங்கள். வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான். 84 நாள் ரீசார்ஜ் என்றால் தேதியை எண்ணிப் பாருங்கள், நடுவில் முடிந்தால் எஸ்எம்எஸ் நின்றுவிடும். சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்கி, ரோமிங் டேட்டாவை அணைத்து, வருகிற அழைப்பை எடுக்காமல் எஸ்எம்எஸ் மட்டும் வாங்குங்கள். வீட்டு ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வரும், நீங்கள் இல்லாதபோது குறைந்தது ஒன்று விழும். அதையும் வாடகையையும் இந்த 3 லட்சத்துக்குள் கொண்டுவராதீர்கள், தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

டோல்கேட்25 எழுதியது:

எல்லாத்தையும் சேர்த்து மறுபடி போட்டேன். வியட்நாம் 44 நாள், கம்போடியா நீக்கியாச்சு. 2,26,350-ல் 7,500 கழிச்சு, சுற்றுலா வரி 6,000, மலேசிய விசா ஒதுக்கீடு 5,000 சேர்த்தா 2,29,850. தொடாத காசு 40,000 போக கசிவுக்கு 30,150. மொத்தம் 83 நாள். நகர்வு 12-ஐத் தாண்டாம ஊர்ப் பட்டியல் போடுறேன். எந்த டிக்கெட்டை முதல்ல போடணும்?

கல்மண்டபம் எழுதியது:

13 சதவீதம் கசிவு. 15-க்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் மலேசிய விலக்கு நீண்டால் 5,000, தாய்லாந்தில் விசா கேட்காவிட்டால் 6,000 திரும்பி வரும். அந்தப் பதில் வருவதற்குள் ஊர்ப் பட்டியலை 11 நகர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

மலேசிய அறிவிப்பு வரும்வரை எதையும் போடாதீர்கள். வந்ததும் அன்றைக்கே சென்னை–கோலாலம்பூர், கோலாலம்பூர்–வியட்நாம் இரண்டும். பிப்ரவரி 12 தெத் முடிந்து ஊர் திரும்புகிற கூட்ட நேரம், அந்த டிக்கெட் தாமதித்தால் ஏறும். அடுத்தது பாங்காக்–சென்னை, ஏப்ரல் 11-க்கு. அதுவும் சொங்க்ரானுக்கு முந்தின வாரம். வியட்நாம்–பாங்காக் மட்டும் பொறுக்கலாம், ஹனோயிலிருந்தா ஹோ சி மின் நகரிலிருந்தா என்று முடிவான பிறகு. வியட்நாம் விசாவை டிசம்பர் கடைசியில் விண்ணப்பியுங்கள். பொதுவாக 3 வேலைநாள். தெத் நெருங்கினால் அலுவலகங்கள் மூடிவிடும்.

பாஸ்போர்ட் காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா? திரும்பும் நாளுக்கு அப்புறமும் 6 மாதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த மாதமே அமைந்தகரையிலோ சாலிகிராமத்திலோ நேரம் பிடியுங்கள், 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். அப்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கொடுத்து, குடிபெயர்வுச் சோதனை தேவையில்லாத பாஸ்போர்ட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் அந்தச் சோதனைப் பட்டியலில் உள்ள நாடுகள்.